அஸ்த்ரூபாலின் வலது கை

"இந்த உறையும் போச்சு. கழற்றுங்க," என்றார் சுகாதார அதிகாரி சொராயிதா.

அஸ்த்ரூபால் தன் வலது கையைக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஊசி இன்னும் தோலைத் தொடவேயில்லை. அதற்குள் குப்பைக்கூடையில் கையுறைகள் குவிந்துகிடந்தன.

பர்ராங்கியா நகரத்தில் பச்சை குத்துகிறவனுக்கு கார்னிவல் வாரம்தான் வியாபாரம். இன்று இந்த அம்மாள் கையெழுத்துப் போட்டால் கடை உண்டு. போடாவிட்டால் திருவிழா முடியும்வரை கதவில் முத்திரை. "யாருக்காவது குத்துங்க, நான் பார்க்கணும்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பச்சை குத்திக்கொள்ள மீன்காரர் நிக்கானோர் முன்கையை நீட்டியிருந்தார்.

அவனும் சளைத்தவனில்லை. விளக்கு, மை பாட்டில், ஊசி மெஷின், அதன் ஒயர் என்று உறை போட்ட கை படக்கூடிய எல்லாவற்றுக்கும் புது பிளாஸ்டிக் தாள் சுற்றிவைத்திருந்தான். சுற்றாமல் விட்டது ஊர்க்காரர்களை மட்டும்தான்.

அந்த ஊரில் கதவு திறந்திருந்தால் உள்ளே வருவார்கள். வந்தால் கை கொடுப்பார்கள். நீட்டிய கையைப் பிடிக்காதவனோடு ஒரு வருஷம் பேசமாட்டார்கள்.

முதலில் லாட்டரிக்காரர் வந்தார். "என்னப்பா அஸ்த்ரூபால், சௌக்கியமா?" கை தானாகப் போய்விட்டது.

"தொட்டுட்டீங்க," என்றார் சொராயிதா. "அவர் கையில இருக்கிறதெல்லாம் இனி இவர் ரத்தத்துல."

கழற்றி, கை கழுவி, புதிது போட்டான். அடுத்து மேளக்காரன் வந்தான். மறுபடி கழற்றினான், கழுவினான்.

வம்பே வேண்டாமென்று கதவைச் சாத்தினான்.

"கைப்பிடிக்கு பிளாஸ்டிக் சுத்தலையே?"

மறுபடி கழற்றினான்.

நீட்டிய கையோடு நிக்கானோர் கொட்டாவி விட்டார். "தம்பி, என் கையில முகமூடிக்காரன் இந்த கார்னிவலுக்கு வருவானா, அடுத்ததுக்கா?"

"சும்மா இருங்கண்ணே, நானே நொந்துபோயிருக்கேன்!"

சாத்திய கதவையும் தள்ளிக்கொண்டு வருகிற ஊர் என்பதால், வாசலில் ஃபிளாஸ்க்கோடு நின்ற காப்பிக்காரன் எலியேசெரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டான். "மச்சான், ஒருத்தரையும் உள்ளே விடாதே. என் பொழப்பே உன் கையிலதான் இருக்கு."

"கவலைய விடு. ஒரு ஈ நுழையாது."

ஈ நுழையவில்லை, வாஸ்தவம். ஆனால் முடிதிருத்துகிறவர் நுழைந்தார், ரொட்டிக்கடை அம்மாள் நுழைந்தாள், பத்து வருஷமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரன்கூட "பழசெல்லாம் மறந்துடலாம்பா" என்று கையை நீட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் வேறு. எப்படிப் பிடிக்காமலிருப்பது?

பெட்டியில் கடைசி ஜோடி.

அஸ்த்ரூபால் அதை மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியை இறக்கினான். மேளக்காரன் இரண்டாம் தடவை வந்தான். இவன் நிமிரவில்லை. "என்னடா, பெரிய ஆளாயிட்டியா?" என்று திட்டிவிட்டுப் போனான். பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்க, நிக்கானோரின் கையில் நீள மூக்கு முகமூடிக்காரன் சிரிக்க ஆரம்பித்தான்.

சொராயிதா எழுந்து கிட்டே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பிரமாதம்!" என்று வலது கையை நீட்டினார்.

ஃபைல் வைத்திருக்கிறவர் யாரானாலும் அந்த ஊரில் டாக்டர்தான். டாக்டரம்மா நீட்டிய கையைப் பிடிக்காவிட்டால் கடை போச்சு. பிடித்தால் உறையில் இருக்கிற ரத்தம் அவர் கையில்.

அஸ்த்ரூபால் மெஷினைத் தட்டில் வைத்துவிட்டு, துப்பாக்கி முனையில் நிற்பவன்போல் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான்.

"மன்னிச்சுடுங்க டாக்டரம்மா! கடையை மூடினா மூடுங்க. இந்தக் கையை உங்களுக்குத் தரமாட்டேன்!"

நீட்டிய கை அப்படியே திரும்பிப் போய்ப் பேனாவை எடுத்தது. சர்ரென்று ஒரு கையெழுத்து.

அப்போதுதான் எலியேசெர் கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

"டாக்டரம்மா, கை குடுக்க ஆள் அனுப்பச் சொன்னீங்களே, இன்னும் நாலு பேர் வரிசையில நிக்கிறாங்க. உள்ளே விடவா, போகச் சொல்லவா?"