பந்தல் போடும் இடத்தில் சேறு வந்த விவரம்

மதிப்புக்குரிய சம்பந்தி, வேப்பனப்பள்ளி சாந்த் பாஷா அவர்களுக்கு, குந்தாரப்பள்ளி மாட்டுத் தரகன் மெஹபூப் பாஷா சலாம் சொல்லி, மகள் தில்ஷாத் கையால் எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், வாசல் ஒன்றைத் தவிர.

வரும் ஞாயிற்றுக்கிழமை வைத்த இவள் நிக்காஹை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டுகிறேன். காரணம் நானில்லை, டெலிபோன் கேபிள்காரர்கள். நம் வீட்டெதிரே போகும் ஹைவேயைத் தோண்டாமலே, அடியில் துளை போட்டுக் குழாய் இழுக்க ஒரு மெஷின் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கம் சாய்வாகக் கம்பியை இறக்கி, சேற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே தள்ளினால், இந்தப் பக்கம் வெட்டிய குழியில் மூக்கை நீட்டுமாம். எழுபத்தொன்பதில் நீங்கள் என்னிடம் விலைபேசி ஓட்டிப்போன செவலைக் காளை, வலது கொம்பு உள்வாங்கினது, தலையைக் குனிந்தால் யார் இழுத்தாலும் நிற்காதே, அதே குணம்தான் இதற்கும்.

மண்ணுக்குள் கம்பி எங்கே வருகிறதென்று காட்டும் ஒரு பெட்டியைத் தரையோடு பிடித்துப் பார்த்துக்கொண்டு கங்கப்பன் என்ற ஆள் இந்தப் பக்கம் நின்றார். லாரிச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காதென்று மெஷின்காரனுக்கு விரல் காட்டுவார். இரண்டு விரல் என்றால் மேலே ஏற்று, ஐந்தும் விரித்தால் நிறுத்து. இதை எனக்கு யார் சொன்னார்கள்? சந்தை நாள் வேறு. நான் போகும்போது மனுஷன் நட்டநடு வெளியில் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறார். நாற்பது வருஷமாகத் துண்டுக்குள் விரல் பிடித்தே விலை பேசிய தரகனுக்கு மனசு பொறுக்குமா? தோளிலிருந்த துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"தாத்தா, கைய விடுங்க, நிறுத்தச் சொல்லணும்."

"விலைய ஊருக்கே காட்டுவியாப்பா? துண்டுக்குள்ள சொல்லு, எனக்குப் புரியும்."

"மாடு இல்லீங்க தாத்தா, குழாய்."

"எதுவா இருந்தா என்ன, யாவாரம் யாவாரந்தான். இவ்ளோ சொன்னா எவன் வாங்குவான், ஒரு விரல மடக்கு."

அவர் மடக்கவில்லை. மெஷின்காரனும் நிறுத்தவில்லை. கம்பி குழியைத் தாண்டி வந்து நம் வாசலில், சரியாகப் பந்தல் போட அளந்து வைத்த இடத்தில், கொளகொளவென்று சேற்றைக் கக்கிற்று. பிரியாணி அடுப்புக்கு வெட்டிய பள்ளமும் நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வந்து பார்த்து, "ஏன் பாய், மவ கல்யாணத்துக்குக் கெணறு தோண்டுறியா, நல்லா ஊறுதே" என்கிறாள். இஞ்சினியரோ வந்து என்னைத்தான் முறைக்கிறார். தொழில் மரியாதை தெரியாத ஆளை வேலைக்கு வைத்தது அவர். இந்தச் சேற்றில் உங்கள் ஜமாத்தாரை நான் எப்படி உட்கார வைப்பேன்? ஆகவே ஞாயிறு வரவேண்டாம். சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
மெஹபூப் பாஷா (இடது பெருவிரல்)

பின்குறிப்பு: மாமா, இது தில்ஷாத். கேபிள்காரர்கள் நேற்றே சேற்றை அள்ளி, ஜல்லி கொட்டி, ரோலர் விட்டுப் போய்விட்டார்கள். வாசல் முன்னைவிட நன்றாக இருக்கிறது. அத்தாவுக்குத்தான் இன்னும் கோபம் தீரவில்லை. கடிதத்தைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்பார். சொன்னதில் ஒரு வார்த்தை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் எதையும் விடவில்லை, இதைச் சேர்த்திருக்கிறேன். அவருக்கு வாசிக்கும்போது பெருவிரல் ரேகையோடு நிறுத்திக்கொள்வேன். ஞாயிறு காலை எல்லாரும் வந்துவிடுங்கள்.