முதுகு மாப்பிள்ளை

உலகத்தில் மாமியாரோடு சண்டை பிடித்த மருமகன்கள் கோடி. ஒரே வீட்டில் மூன்று வருடம் இருந்தும் மாமியாரின் முகம் வட்டமா நீளமா என்று தெரியாத மருமகன் ஒருவர்தான். அவர் ஈழத்தவர் நிறையக் குடியேறிய, பனி கொட்டும் வோபர்னில் இருந்தார். அந்த வீட்டின் பேஸ்மென்டில் நான் வாடகைக்கு இருந்தேன்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முதுகு மாப்பிள்ளை. அமெரிக்காவில், அரிசோனாவின் செம்மண் வெளியில், ஆட்டுப்பட்டிகளுக்கு நடுவே பிறந்த நவஹோ இனத்தவர். மாமியாரான சரசு அன்ரியின் மகள் அங்கே நேர்ஸ் வேலைக்குப் போய்த் திரும்பியபோது கூடவே வந்தவர். ஆறடி உயரம். தமிழை மனைவியிடம் பழகியதால், பேச்சு அசல் யாழ்ப்பாணம்.

சரசு அன்ரி குசினிக்குள் காலை வைத்தால் மாப்பிள்ளை பாதித் தோசையோடு பின்கதவால் பாய்ந்துவிடுவார். பனிக்குள் செருப்போடு நின்று மீதியைச் சாப்பிடுவார். ஒரு தடவை ஓட வழியில்லாமல் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடி பத்து நிமிடம் நின்றார். கலியாணப் படத்தில்கூட அன்ரிக்குப் பக்கத்தில் அவருடைய கோட்டு முதுகுதான் இருக்கிறது.

ஆளை நிமிர்ந்து பார்க்காமல் பேசுவதில் நானும் கெட்டிக்காரன். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது. ஒருநாள் இருவரும் ஸ்னோ தள்ளும்போது காரணம் கேட்டேன்.

"உது மரியாதை, அண்ணை. மருமோன் மாமியின்ரை முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போகும் எண்டு எங்கடை பழைய ஆக்கள் சொல்லுவினம்."

"இப்பவும் எல்லாரும் அப்பிடியோ?"

"இல்லை, கனபேர் விட்டிட்டினம். அந்தக் காலத்திலை அமெரிக்கப் பட்டாளம் எங்கடை சனத்தை ஊரோடை கலைச்சு, நடக்க வைச்சே கொண்டு போனது. ஆடும் வீடும் போச்சு. திரும்பி வந்த ஆக்கள் இந்த வழக்கத்தை மட்டும் விடேல்லை. நான் ஏன் விடோணும்?"

நானும் ஊரை விட்டு நடந்து வந்த ஆள்தான்.

"முந்தி மாமிமார் சின்ன மணி கட்டுவினம், அண்ணை. சத்தம் கேட்டால் மருமோன் விலகிப் போயிடுவான். மாமியும் ஒண்டு கட்டினால் நான் தோசையை இருந்து சாப்பிடுவன். ஒருக்காச் சொல்லுங்கோவன்."

அன்ரியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மணியோ? நான் என்ன மாடோ, தம்பி? மகள் மரியாதை எண்டு கதை விடுறாள். என்ரை மூஞ்சி பிடிக்கேல்லை எண்டு நேரை சொல்லச் சொல்லும்! நான் மிசிசாகாவிலை மூத்த மகளிட்டைப் போறன். இனி இந்தப் படி மிதியன்!"

மறுநாள் காலை, மகள் வேலைக்குப் போன கையோடு, பெட்டியுடன் புறப்பட்டார். படியில் ஐஸ். பெட்டி ஒரு பக்கம், அன்ரி ஒரு பக்கம். கால் மடங்கிவிட்டது. தூக்க எனக்குப் பலமில்லை.

அலறல் கேட்டு மாப்பிள்ளை வந்தார். கண்களை இறுக மூடி, கைகளை நீட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் குனிந்து வெகு பக்குவமாகத் தூக்கினார்.

"அது பெட்டி!" என்று கத்தினேன்.

அடுத்த முறை சரியாக அன்ரியைத் தூக்கினார். ஓரடி வைத்ததும் சறுக்கியது.

"கண்ணைத் திறவும்! ரெண்டு பேரும் சாகப்போறம்!" என்று அன்ரி கத்தினார்.

"ஏலாது, மாமி. உங்கடை மரியாதை போயிடும்." அந்த ஆறடி மனிதர் கண்களை இன்னும் இறுக மூடினார்.

அன்ரி ஸ்கார்ஃபை இழுத்துத் தன் முகத்தை முழுதாக மூடிக்கொண்டார்.

"இப்பத் திறவுங்கோ, மருமோன்."

ஆஸ்பத்திரி வரைக்கும் அன்ரி அந்த ஸ்கார்ஃபை விலக்கவில்லை. முகத்தைக் காட்டச் சொன்ன டாக்டரிடம், "முதலிலை என்ரை மருமோனை வெளியாலை விடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னார்.

மிசிசாகாப் பயணம் நின்றது. அரிசோனாவிலிருந்து ஒரு சிறிய பார்சல் வந்தது. மாப்பிள்ளையின் குடும்பத்தில் மாமிமார் கட்டிய வெள்ளி மணிகள். காலில் கட்டு இருந்ததால் அன்ரி அவற்றைத் தான் பிடித்து நடக்கும் வோக்கரில் கட்டிக்கொண்டார். "மாடு வருகுது!" என்று அறிவித்தபடிதான் குசினிக்குள் போவார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எழும்பிப் போவார்.

அவருக்குத் தெரியாத ஒன்றை நான் பேஸ்மென்ட் படியில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். அவருடைய தட்டில் கடைசித் தோசை முடியும்வரை, அன்ரி கதவுக்கு வெளியே, மணிகளைச் சத்தம் வராமல் கைக்குள் பொத்திக்கொண்டு நிற்பார்.