மாப்பிள்ளையின் மண்டை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கண்ணாடிக்கடைக்காரனின் பணிவான வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் மகளும் நலம். உங்கள் மகனும் நலம். கடிதத்தின் ஆரம்பத்தில் 'நலம்' என்று போடுவது ஒரு வழக்கம். எழுதுகிறவருக்குக் காய்ச்சல் கொதித்தாலும் அப்படித்தான் போடுவார். இது அந்த நலம் இல்லை. உங்கள் மகன் இந்த நிமிஷம் எங்கள் வீட்டுக் கூடத்தில், எனக்கு எதிர் நாற்காலியில், முழுத் தலையோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து போய் அந்தத் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன். சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பார்கள் என்று எழுத ஆசை. ஆனால் என் மனைவியோடு போனில் பேசிய பிறகு அவர்கள் எப்படி நலமாக இருக்க முடியும் என்று தெரியாததால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். யார் வாயிலிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடுமுன் பிடித்து எழுதுகிற கை உங்களுடையது. என் மனைவி சம்பந்தியம்மாவிடம் பேசியதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதி, 'இது உங்கள் வீட்டம்மா சொன்னதுதானா?' என்று எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அதை இங்கே மறுபடியும் எழுதுகிறேன், நமக்குள் குழப்பம் வேண்டாம் என்பதற்காக.

"பதறாம கேளுங்க சம்பந்தியம்மா. சைக்கிள்ல போனதுல மாப்பிள்ளையோட மண்டை ரெண்டா பொளந்துடுச்சு. போகட்டும், பழசுதானே, எப்படியும் மாத்த வேண்டியதுதான். எங்க வீட்டுக்காரர் கடைக்குப் போயி இதைவிட நல்ல மண்டையா, கொஞ்சம் பெருசா, வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கார். உடைஞ்சதை ஒரு பையில போட்டுப் பின்பக்கம் வச்சிருக்கேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சு, உள்ள ஒண்ணுமே இல்லையாம்."

அவள் சொன்னதுதான். ஓர் எழுத்துகூட மாற்றமில்லை. அதன் கீழே, கல்யாணத்தை நிறுத்திவிட்டதாகவும், மலையில் சைக்கிள் விடுகிற பெண் உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது என்றும், மகனை உடனே ஊருக்கு அனுப்பும்படியும் எழுதிவிட்டுப் போனை அணைத்துவிட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் மகனே கூப்பிட்டு, "அப்பா, எனக்கு ஒண்ணும் ஆகலப்பா" என்று சொன்னபோது, "மண்டையில அடிபட்டவன் சொல்றது சாட்சியத்துல சேராதுப்பா, நீ போய்ப் படு" என்று வைத்துவிட்டீர்களாம். அதனால்தான் கடிதம். இதை அணைக்க முடியாது பாருங்கள்.

சம்பந்தி, எங்கள் வீட்டில் ஹெல்மெட்டுக்கு மண்டை என்று பெயர்.

அந்தப் பெயர் வந்த கதை பெரிதல்ல. என் மகள் மலைச் சைக்கிள் பழக ஆரம்பித்தபோது முதல் ஹெல்மெட்டை வாங்கி வந்து சமையலறை மேடையில், நறுக்கி வைத்த காய்கறிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்த மண்டையைக் கொண்டுபோய் வேற எங்கயாவது வை" என்றாள் என் மனைவி. அன்று ஒட்டிக்கொண்டது. பிறகு வீட்டில் மண்டைகள் பெருகின. "அம்மா, என் மண்டையைப் பார்த்தியா?" "துவைச்சுக் கொடியில மாட்டியிருக்கேன், இன்னும் காயல." உள்ளே இருக்கிற பஞ்சுத் துணியைத்தான் துவைப்பாள், ஆனால் சொல்வது அப்படித்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்த மின்சாரக்காரர் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வேலையைப் பாதியில் விட்டுப் போய்விட்டார். எங்களுக்கு அது பழகிப்போய், வெளியாட்களிடம் பேசும்போது நாக்கைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் போனது. சம்பந்தி வீடு வெளியாள் இல்லை என்று என் மனைவி நினைத்ததும் ஒரு காரணம். அதை நீங்கள் பெருமையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே பிளந்தது மாப்பிள்ளையின் ஹெல்மெட். அவருடைய தலை இல்லை. இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம், ஆனால் உங்களைப் போன்றவர் அடுத்த கேள்வி கேட்பீர்கள்: ஹெல்மெட் பிளந்தால் அதற்குள் இருந்த தலை என்ன ஆனது? அதற்குள் இருந்தது என் தலை. இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனும் என் மகளும் மலைக்குப் புறப்பட்டார்கள். வாசலில் நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். உங்கள் மகன் நல்ல வளர்ப்பு. "நீங்களும் வாங்களேன் மாமா" என்றார். மரியாதைக்குக் கூப்பிட்டதை நான் நிஜமென்று எடுத்துக்கொண்டேன். என் மகள் அவரைப் பார்த்த பார்வையை அப்போதே கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவளுடைய தோழியிடம் எனக்கொரு சைக்கிள் இரவல் வாங்கினார்கள். தடித்த டயர், முன்னால் அமுங்கி எழுகிற ஸ்பிரிங். மலைவரை சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மேலே மரங்களுக்கு நடுவே வெட்டியிருந்த மண்பாதையின் தொடக்கத்தில் இறங்கினோம். எனக்கென்று மகள் தன்னுடைய பழைய மண்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அது என் தலையில் இறங்கவில்லை. காதுக்குக் காது நான் கொஞ்சம் அகலம்; என் சொந்தக் கடையிலேயே எனக்குப் பொருந்துகிற ஃபிரேம் கிடையாது, தனியாக வரவழைக்க வேண்டும். "பரவால்ல விடும்மா. நான் என்ன வேகமாவா போகப் போறேன்" என்றேன். அதோடு அதில் எங்கு பார்த்தாலும் ஓட்டை. இத்தனை ஓட்டை இருப்பதைப் போட்டாலென்ன போடாவிட்டாலென்ன என்று என் அறிவுக்கு எட்டியதையும் சொன்னேன்.

உங்கள் மகன் தன் தலையில் இருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "மாமா, இது பெருசு. போட்டுக்கங்க."

"ஐயோ, உங்க தலையில இருக்கிறதை எடுத்து நான் போடறதாவது. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க மாப்பிள்ளை."

"இங்க மூணு பேர்தான் மாமா இருக்கோம்."

"அதுக்காக? மாப்பிள்ளைக்குப் போகத்தான் மாமனாருக்கு."

"பெரியவங்க நீங்க வெறும் தலையோட வரும்போது நான் எப்படிப் போட்டுக்கறது?"

இப்படியே மண்டை அவர் கைக்கும் என் கைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரில் யாரும் இறங்கி வரவில்லை, மலையிலிருந்தும் இறங்கவில்லை. ஒரு கட்டத்தில் யாருமே போடாமல் அதைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகலாம், அதுதான் இருவருக்கும் கௌரவம் என்று நானே ஒரு யோசனை சொன்னேன். அப்போதுதான் என் மகளுக்குக் கோபம் வந்தது. அவள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கிற வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

"ரெண்டு பேரும் மரியாதை குடுத்து முடிச்சாச்சா? தினமும் மண்டையை உள்பக்கமா பார்க்கிறவ நான். கைப்பிடியில மாட்டிட்டு வந்தவங்களும் அங்க வருவாங்க. அவங்க ஹெல்மெட் மட்டும் புதுசு மாதிரி இருக்கும். அப்பா, நீங்க போடுங்க. நீங்க சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்து வாங்க. தலையில ஒண்ணும் இல்லாதவங்க யாரும் என்கூட ஓட்டக் கூடாது."

இரண்டாவது 'நீங்க' உங்கள் மகனுக்கு. அவர் மறுபேச்சுப் பேசாமல் சைக்கிளைத் தள்ளத் தயாரானார். இந்தப் பொறுமை இருக்கிறவருக்கு என் மகளைக் கொடுப்பதில் எனக்கு அன்றைக்குத்தான் முழுத் திருப்தி வந்தது. நான் மண்டையை என் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப் போட்டிருந்தேன். மகள் அதைப் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இருக்கும்படி முன்னால் இழுத்தாள். பின்னால் இருந்த திருகைத் திருகினாள். தாடைக்குக் கீழே வாரை இறுக்கினாள். "மூச்சு முட்டுதும்மா" என்றேன். "பேச முடியுதில்ல, அப்ப சரியாத்தான் இருக்கு" என்றாள்.

புறப்பட்டேன். முதல் வளைவுவரை நான் நன்றாகவே ஓட்டினேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வளைவில் பாதை திடீரென்று சரிந்தது. பயத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்துவிட்டேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே பறந்து, ஒரு பாறையில் வலப்பக்கத் தலை மோத விழுந்தேன். பெரிய சத்தம். அது என் தலைக்குள் கேட்டதா வெளியே கேட்டதா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பின்னால் நடந்து வந்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என் கழுத்து அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை முகத்துக்கு நேரே நீட்டி, "மாமா, என் விரல் எத்தனைன்னு சொல்லுங்க" என்றார். கண்ணாடி எங்கோ போய் விழுந்திருந்தது. அது இல்லாமல் நான் ஒருநாளும் யாருடைய விரலையும் எண்ணியதில்லை. "எந்தக் கையில மாப்பிள்ளை?" என்று கேட்டேன். மகள் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

மருத்துவமனையில் ஸ்கேனை அவளேதான் எடுத்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் பார்த்துச் சொன்னதும் வெளியே வந்து, "உள்ள ஒண்ணுமே இல்லப்பா, ஒண்ணுமே இல்ல" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். ரத்தக்கசிவு, விரிசல், எதுவும் இல்லை. என் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. மண்டைதான் இரண்டாகியிருந்தது. என் தலையில் விழ வேண்டிய அடியை அது வாங்கிக்கொண்டது. பிளக்காமல் வெறும் விரிசல் விட்டிருந்தாலும் அதை மறுபடி போடக் கூடாதாம். ஒருமுறை அடிபட்டால் அதன் ஆயுள் முடிந்ததாம். அதைத்தான் என் மனைவி சம்பந்தியம்மாவிடம் பழசு, மாற்ற வேண்டியது என்றாள்.

சம்பந்தி, உங்கள் மகன் தன் தலையிலிருந்து கழற்றிக் கொடுத்ததால் நான் இருக்கிறேன். என் மகள் அதைப் போடவைத்ததால் இருக்கிறேன். இந்த இரண்டு பேரையும் பிரிக்க நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவள் நேற்றிலிருந்து அழவில்லை, சாப்பிடவும் இல்லை. பின்பக்கம் உட்கார்ந்து ஒரே சங்கிலிக்குத் திரும்பத் திரும்ப எண்ணெய் போடுகிறாள். அவளைப் பார்க்கும்போது பாறையில் விழுந்ததே தேவலாம் என்று இருக்கிறது. தயவுசெய்து மனம் மாறுங்கள். கல்யாணம் முடிகிற வரை உங்கள் குடும்பத்தில் ஒருவரையும் சைக்கிள் பக்கம் போக விடமாட்டேன். இது கண்ணாடிக்கடைக்காரன் வாக்கு. உடைந்ததைச் சாட்சிப் பொருளாகத் தனியே கட்டி இத்துடன் அனுப்புகிறேன். பார்சலின் மேல் என் மனைவி 'மாப்பிள்ளை மண்டை – 1' என்று எழுதியிருக்கிறாள். தயவுசெய்து சம்பந்தியம்மா கண்ணில் படாமல் நீங்களே பிரிக்கவும்.

உங்கள் குடும்பத்தில் எல்லோருடைய தலையும் அததன் இடத்தில் நீண்ட நாள் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி (அந்த உறவு இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில்)

பின்குறிப்பு:

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு, மேலே உள்ளது உங்கள் வீட்டுக்காரருக்கு எழுதியது. கூரியர் கடைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டும்போது அவரே வாசலில் வந்து நின்றார். பார்சல்தான் முதலில் அவர் கண்ணில் பட்டது. மேலே எழுதியிருந்ததைப் படித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு மாப்பிள்ளை வெளியே வந்தார். மகன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்து, அவர் அழுத அழுகையில் எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிறகு இந்தக் கடிதத்தை நின்றபடியே படித்தார். என் மகளைக் கூப்பிட்டு, "எழுதினதுல தப்பு இல்லம்மா. புரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு" என்றார். அப்புறம், தன் மகனை நடந்து வரச் சொன்ன மலையைத் தானும் பார்க்க வேண்டும் என்றார்.

நான் தடுத்தேன். என் வாக்கை எடுத்துச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் அவருக்கும் வாரை இறுக்கி, சரிவில்லாத பாதையாகப் பார்த்துக் கூட்டிப் போனாள். அம்மா, பதறாமல் கேளுங்கள். மலையில் அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, வாசலில் நின்ற என் மனைவிக்குக் கையைத் தூக்கிக் காட்டியபடியே இறங்கப் பார்த்து, நின்ற சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். தலை கேட் தூணில் மோதியது. ஹெல்மெட் நசுங்கியது, தலைக்கு ஒன்றும் இல்லை, ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. இடது கணுக்கால் மட்டும் பிசகியிருக்கிறது. இதை உங்களுக்குப் போனில் சொல்ல என் மனைவி மிகவும் ஆசைப்பட்டாள். நான் போனை வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் புறப்பட்டு வாருங்கள். கல்யாணத்தை நிறுத்தியதாக எழுதியதைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறார். குறித்த நாளிலேயே நடந்தாக வேண்டுமென்று சம்பந்தி ஒற்றைக் காலில் நிற்கிறார். இன்னொரு காலில் கட்டுப் போட்டிருக்கிறது.