இடிச்சாமியார் இடித்த என் சுவர்

செவ்வாப்பேட்டையில் இரண்டு அரிசி ஆலை, ஆரணியில் ஒரு கல்யாண மண்டபம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பதினோரு ஷெட்டு. எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்ற இந்தக் கை கட்டியது. எந்தப் புயலுக்கும் ஒரு செங்கல் நகர்ந்ததில்லை. நான் கட்டியதை இடித்த ஒரே ஆள் இந்த உலகத்தில் இடிச்சாமியார்தான்.

தொழிற்பேட்டை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. மற்ற பள்ளிக்கூடங்கள் கழித்துவிட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி நடத்தினார் அந்த ஃபாதர். மணி கிடையாது, பிரம்பு கிடையாது. காலையில் புத்தகம், மதியத்துக்கு மேல் கைவேலை; கொத்து வேலை சொல்லிக் கொடுத்த மேஸ்திரி நான். தப்பு செய்தால் திட்ட மாட்டார். "இடி, மறுபடி கட்டு" என்பார். தைத்த சட்டையானாலும் சரி, போட்ட கணக்கானாலும் சரி, அதே "இடி"தான். பேர் அப்படி வந்தது.

பிள்ளைகள் அரசாங்கப் பரீட்சை எழுதப் பள்ளிக்கு அங்கீகாரம் வேண்டும். இல்லையென்றால் அத்தனை பேரும் மறுபடி தெருவில். ஆய்வாளர் திங்கட்கிழமை வருகிறார். சோதனைக்கூடத்துக்கு ஒரு சுவர் பாக்கி. அதைப் பிள்ளைகளை வைத்தே கட்டினார். சுவரா அது? கள்ளுக்கடை வாசலில் நிற்கிறவன் மாதிரி நின்றது.

"ஃபாதர், நான் ஒரு கை வெச்சா அர நாள்ல நிமிந்துடும்."

"உன் கைய ஜோப்புல வெச்சிக்கினு இரு மேஸ்திரி."

நான் கேட்பேனா? ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்று ஊர்க் கோயில்களுக்குப் பூசை வைக்கப் போனார். திரும்புவதற்குள் பிரித்துக் கட்டி முடித்துவிட்டேன்.

வந்தவர் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். நூல் சுவரை விட்டு இம்மியும் விலகவில்லை.

"இன்னா மேஸ்திரி, பசங்களுக்கு இம்மா நேரா எப்டி வந்துச்சி?"

"ஆண்டவரு கிருப, ஃபாதர்."

"ஆண்டவரு சிமிட்டி கலக்க மாட்டாரு. பசங்களா, இடிங்க!"

"நாளைக்கி ஆபீசர் வர்றாரு சாமி!" என்று கத்தினேன்.

"வரட்டும். பசங்க கட்டாத சொவர, பசங்க கட்டுனதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

ஆய்வாளர் வந்தபோது அஸ்திவாரம்தான் இருந்தது. பழவேற்காட்டு மீனவர் வீட்டு மாணவி மரகதம் கயிற்றால் மூலை பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி, குறுக்கே அஞ்சடி வந்தால் மூலை சரி.

"இது பிதாகரஸ் தேற்றமாச்சே, தெரியுமா?" என்றார் ஆய்வாளர்.

"அவரு எந்த ஊரு மேஸ்திரி, சார்? எங்களுக்கு இவருதான் சொல்லிக் குடுத்தாரு" என்று என்னைக் காட்டினாள்.

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே ஒரு மாதம் தவணை கொடுத்தார். நான் விரல் வைக்காத சுவர் எழுந்தது, அங்கீகாரமும் வந்தது.

ஃபாதர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று பள்ளிக் கல்வெட்டில் அவர் பேர் மட்டும் இருக்கிறது. இது அநியாயம். மூன்று, நாலு, அஞ்சு சொல்லிக் கொடுத்தவன் நான். என் பேரையும் வெட்டியாக வேண்டும். மேலே வேண்டாம், அவர் பேருக்குக் கீழே ஒட்டினாற்போல். என்னோடு சண்டை போடாமல் அந்த மனுஷனுக்குப் பொழுது போகாது.