பேரீச்சம்பழம் தேடிய பித்தளை

அரியலூர் மாவட்டத்தில் அவர் தூக்கித் திருப்பிப் பார்க்காத பித்தளைப் பாத்திரம் கிடையாது. அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் போன அன்று அந்த வீடு பூட்டியிருந்தது என்று அர்த்தம்.

அரியலூரில் எங்களுக்கு எதிர் வீட்டுக்காரர். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஊர் ஊராகப் போய், "வூட்ல பழைய பித்தளை இருக்குங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். பெண்கள் வேறு என்ன நினைப்பார்கள்? "பேரீச்சம்பழம் எவ்வளவு குடுப்பீங்க?" என்றார்கள். தெருவில் அதுவே பெயராகிவிட்டது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "இனிப்பான பேரு சார், இருந்துட்டுப் போவுது" என்பார்.

அவர் தேடியது பித்தளையை அல்ல, தாத்தாவை.

"நெலம் இருந்தவங்க தாத்தாவைத் தேடுனா பட்டா கெடைக்கும், பத்திரம் கெடைக்கும். எங்க தாத்தா சின்னக்கண்ணு கிட்ட இருந்தது ரெண்டு கையும் நாலு தங்கச்சியும்தான். ஒரு போட்டோகூட இல்ல. ஆனா தங்கச்சி பொண்ணுங்க கல்யாணத்துக்கெல்லாம் தாய்மாமன் சீரா பேர் வெட்டுன பாத்திரம் குடுத்திருக்காரு. அதான் சார் எங்களுக்குப் பத்திரம்."

கையில் எப்போதும் ஒரு கொக்கித் தராசு இருக்கும். உடையார்பாளையத்தில் ஒரு பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கித் தொங்கவிட்டார். "பாத்தீங்களா கனத்தை? அந்த வருசம் முந்திரிக் காட்டுல தாத்தாவுக்கு நல்ல வேலை." இன்னொரு வீட்டில் கிடைத்தது கைக்கடக்கமான சொம்பு. "மழையே இல்லாத வருசம் சார் இது." யாராவது சந்தேகம் கேட்டால் மறுபடி எடை போட்டுக் காட்டுவார். அதற்குமேல் யார் வாதாடுவது?

கல்யாண வீடுகளில் அவரைப் பந்தியில் உட்கார வைக்கவே பயப்படுவார்கள். ஒருமுறை பரிமாற வந்தவர் கையிலிருந்த ரச வாளியை, பேர் பார்ப்பதற்காக அப்படியே உயர்த்தினார். மாப்பிள்ளையின் சித்தப்பா அன்று ரசத்திலேயே குளித்தார். இவரோ நிதானமாக, "வாடகைக் கடைப் பாத்திரம். நம்ம ஆளு இல்ல" என்றார். எல்லோரும் வாட்ஸப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினால், இவரிடமிருந்து கரி பிடித்த குண்டானின் அடிப்பாகம் வரும்.

"தாத்தாவைப் பாக்க ஊரெல்லாம் சுத்துறாரு. உசுரோட இருக்கிற எங்கம்மாவைப் பாக்க வாங்கன்னா மட்டும் பஸ் இல்லம்பாரு" என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டதுண்டு.

மூன்று தங்கைகளின் வழியில் பாத்திரங்கள் கிடைத்துவிட்டன. மீதியிருந்தது மீன்சுருட்டி. கடைசித் தங்கையின் மகள் அங்கே இருந்தார். இவருக்குச் சின்னம்மா முறை. அந்தச் சின்னம்மாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை என்று அந்தக் குடும்பம் இவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வருவதில்லை. "குடுக்காம இருந்திருக்க மாட்டாரு சார். பாத்திரத்தைக் காட்டி அந்தப் பேச்சை நிறுத்திடறேன்" என்று அடித்துச் சொன்னார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மடியில் கனமான ஒரு துணிப்பை.

சின்னம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. இவர் வந்த விஷயத்தைச் சொன்னதும், "எந்தப் பாத்திரத்தைத் தேடுற? குடுத்தாதானே இருக்கும்?" என்றார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க சின்னம்மா. எவர்சில்வருக்கு மாத்தியிருப்பீங்க."

"என் கல்யாணம் எனக்கு மறக்குமா? அந்த வருசம் அவருக்கு வேலையே இல்ல. வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வராமலே இருந்துட்டாரு. கொடம் வரலன்னா எங்கம்மா அழுதுச்சு? அண்ணன் வரலன்னுதான் அழுதுச்சு."

 பேரீச்சம்பழம் தராசை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு துணிப்பையை அவிழ்த்தார்.

உள்ளே பளபளவென்று புதுப் பித்தளைக் குடம். கழுத்தைச் சுற்றிப் பெயர் வெட்டியிருந்தது: சின்னக்கண்ணு. கொடுத்திருப்பார், கொடுத்திருப்பார் என்று ஊரெல்லாம் சத்தியம் செய்தவர், கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன செய்வது என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் வாங்கி வைத்திருக்கிறார்.

"தாத்தா குடுத்தது சின்னம்மா," என்றார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

சின்னம்மா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பெயரை விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"அவரு வந்திருந்தா சண்டை போட்டிருப்பேன்," என்றார். "நீ வந்துட்ட. கையைக் கழுவிட்டு உக்காரு. மாமன் வூட்டுக்காரங்களைப் பட்டினியா அனுப்பக் கூடாது."

பேரீச்சம்பழம் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.  இன்றைக்கும் அவரை யாராவது கிறுக்கன் என்று சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வருகிறது. எனக்கும் ஒரு பேரன் பிறந்தால், அந்தக் கிறுக்கில் கொஞ்சம் அவனுக்கு இருக்கட்டும்.