குளத்தைச் சுற்றி மூன்று கிரவல் பாதைகள்

நாவலடிக்குளம்,
மல்லாவி.
18.02.1998

அன்புள்ள மருமகன் தர்ஷனுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உமது தாயாரும் சுகம். சைக்கிள் சுகமில்லை. அங்கு நீரும் சுகம் என்று நம்பியிருந்தோம், நீர் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. சுவிசிலே பெரிய ஏரி, பின்னால் மலை, மலையில் பனி, எல்லாம் நல்ல வடிவு. நடுவிலே நீர் அரைக்காற்சட்டையோடு, தலையில் கோப்பையைக் கவிழ்த்தது போல ஒன்றைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சேற்றோடு ஒரு சைக்கிளில் இருந்து சிரிக்கிறீர். அம்மா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணை, பிள்ளை இருக்கிற இடத்திலை தார் றோட்டு இல்லையோ?" என்று கேட்டா. இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது, ஆனால் அந்த ஊர்ச் சனம் லீவு நாளில் தார் றோட்டை விட்டுவிட்டுக் கிரவல் றோட்டைத் தேடிப்பிடித்து ஓடுமாம் என்று உமது கடிதத்தில் இருந்ததை விளங்கப்படுத்தினேன். "ஆர் கலைக்கினம்?" என்று கேட்டா. ஒருவரும் துரத்தவில்லை, சும்மா சந்தோசத்துக்கு என்றேன். அவா நம்பவில்லை. கிளிநொச்சியில் இருந்து சட்டி பானையோடு சைக்கிள் உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவாவுக்கு நான் அதை எப்படி நம்பவைப்பது?

உமது ஊர்ப் பாதைகளின் துண்டுப்பிரசுரமும் கிடைத்தது. இலேசான பாதைக்குப் பச்சைக்கோடு, நடுத்தரத்துக்கு நீலம், கடினத்துக்குச் சிவப்பு. எங்கள் குளத்தைச் சுற்றியுள்ள பாதைகளையும் இப்படிப் பிரித்து எழுதும்படி கேட்டிருந்தீர், கூட்டாளிகளுக்குக் காட்டவாம். அதே கடிதத்தின் அடியில் பெரிய எழுத்தில், 'அம்மா எப்போது சுவிசுக்கு வெளிக்கிடுவா?' என்றும் கேட்டிருந்தீர். இரண்டுக்கும் ஒரே மறுமொழிதான். அம்மா ஒன்பது நாளில் மூன்றுதரம் வெளிக்கிட்டுவிட்டா.

வவுனியாவுக்குப் போக அனுமதிக்கும் பாஸ் கிடைத்துவிட்டது, ஆனால் அது இருபத்திரண்டாம் திகதியோடு முடிகிறது. மல்லாவிச் சந்தியில் இருந்து திங்களும் வியாழனும் காலை பத்து மணிக்கு மண்ணெண்ணெயில் ஒரு பஸ் புகைத்துக்கொண்டு புறப்படும். அதைப் பிடித்தால் சரி. எங்கள் வீட்டுக்கும் சந்திக்கும் நடுவில்தான் குளம் கிடக்கிறது.

பச்சைக்கோடு, குளக்கட்டுப் பாதை. மூன்று மைல். எழுபத்தெட்டில் நான் நீர்ப்பாசன ஓவசியராக நின்று, கிரவல் பறித்து, உருளை விட்டு இறுக்கிய பாதை, இன்றைக்கும் ஒரு கிடங்கு பள்ளம் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், காற்று வாங்கிக்கொண்டே போகலாம், உமது ஏரிக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. ஒன்பதாம் திகதி அம்மாவைக் கரியரில் ஏற்றி, உடுப்பு மூட்டையை ஹாண்டிலில் தொங்கவிட்டு, உமக்கென்று அவா கட்டிய முருங்கைக்காய்க் கட்டையும் பாரில் சாய்த்துக்கொண்டு போனேன். பாதிக் கட்டில் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. திரும்பி உருட்டிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க, "ஓவசியராய் இருந்தனீங்களாம், ஒரு சில்லுக்குள்ளை காத்தை மறிச்சு வைக்கத் தெரியேல்லை" என்ற பாட்டுத்தான்.

நீலக்கோடு, அலைகரைப் பாதை. அதாவது கட்டுக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் ஏறி இறங்கும் கரையோரம், காட்டுக்குள்ளால் ஐந்து மைல். வியாழக்கிழமை அதால் போனோம். கட்டுப் பாதையில் வெயில் என்று நான் சொன்னேன். அரை மணித்தியாலம் போக ஒரு பாலை மரம் வந்தது, இன்னும் கொஞ்சம் போக அதே பாலை மரம் வந்தது, மூன்றாந்தரம் கண்டவுடன் அம்மா அதைக் கும்பிட்டா. அந்த நேரம் பார்த்து விறகு பொறுக்க வந்த அப்புத்துரை, எங்கள் ஊரில் சைக்கிள் திருத்துகிறவன், "என்ன ஓவசியர் ஐயா, குளத்தை மறுபடி அளக்கிறியளோ?" என்று கேட்டான். அம்மா சிரித்தா, நான் சிரிக்கவில்லை. பஸ் அப்போதே போயிருக்கும்.

சிவப்புக்கோடு, வாய்க்கால் கரைப் பாதை. அகலம் ஒரு முழம், இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் வயற்சேறு, எதற்குள் விழுவது என்பது உமது விருப்பம். இடையில் மூன்று நாள் காலம் தப்பிய மழை, குளம் நிரம்பி வான் பாய்ந்து, கட்டு முடியும் அந்தலையில் இடுப்பளவு தண்ணீர், ஆனபடியால் திங்கட்கிழமை இதைத் தவிர வேறு வழியில்லை. தண்ணீர் திறக்கும் துருசடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். "நீங்கள் போய்க் கும்பிட்டிட்டு வாங்கோ, நான் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றா அம்மா. நான் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து பார்த்தால் முன்சில்லு சப்பளிந்து கிடக்கிறது! திரும்பி உருட்டிக்கொண்டு வந்தபோது அப்புத்துரை ரியூப்பைத் தண்ணீருக்குள் அமத்தி, கடுகளவு துவாரத்தைக் கண்டுபிடித்தான். டயரை மூன்றுதரம் தடவினான். முள் இல்லை, கம்பி இல்லை. "ஐயா, இது வழமையான பஞ்சர் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒட்டுப் போட்டுத் தந்தான்.

ஆகையால் மருமகன், அம்மா வராததற்கு ஒருவரையும் குறைசொல்ல ஏலாது, எல்லாம் பாதைகளின் குற்றம். உமது கூட்டாளிகளுக்கும் அப்படியே சொல்லும். உமது இரண்டு சில்லுக்கும் காற்றும், மலை இறக்கத்தில் பிறேக்கும், குளிரில் காலுக்குப் பலமும் குறையாமல் இருக்கத் துருசடிப் பிள்ளையார் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
உமது மாமா,
ச. நல்லதம்பி
(ஓய்வுபெற்ற ஓவசியர்)

பி.கு: மேலே எழுதியதைத் திருப்பி வாசித்தேன். இருபத்தாறு வருடம் இந்தக் குளத்தில் ஓவசியராக இருந்தவன் அலைகரையில் வழி தவறினான் என்றால் எங்கள் மாடுகூட நம்பாது. நான் வேண்டுமென்றுதான் சுற்றினேன். முதல்நாள் வால்வைத் திருகிக் காற்றைத் திறந்துவிட்டதும் நான்தான், அம்மா இறங்கி நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மாமி செத்து ஆறு வருடம் இந்த வீட்டில் ஒரு சத்தமில்லை. அம்மா இடம்பெயர்ந்து வந்த பிறகுதான் காலையில் எழும்பினால் ஏச ஒரு ஆள், உப்புக் கூட என்று நான் குறைசொல்ல ஒரு கறி. அவா போவது எனக்கு விருப்பமில்லை. வேறு விளக்கம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை சத்தியமாக நான் இல்லை. இரண்டுதரம் செய்த வேலை வெட்கமாகிப்போய், அன்றைக்கு உண்மையாகவே கொண்டுபோய்விடத்தான் வெளிக்கிட்டேன். அப்போது பிள்ளையார் நான் செய்த கூத்தையே எனக்குச் செய்து காட்டினார். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. கட்டில் தண்ணீர் வற்றிவிட்டது, நாளைக்குப் பச்சைக்கோட்டால் போகிறோம். கடிதத்தை அம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன், வவுனியாவில் தபாலில் போடுவா. சோற்றுப் பசையால் இறுக்கி ஒட்டியிருக்கிறேன், அவா வாசிக்கமாட்டா.

தம்பி, அம்மா எழுதுறன். சோத்துப் பசை வவுனியா வரமுந்தியே காஞ்சு விட்டிட்டுது. வியாழக்கிழமை கட்டாலைதான் வந்தனாங்கள். பஸ் வெளிக்கிடேக்கை மாமா என்னைப் பாக்கேல்லை, காத்து இருக்கோ எண்டு சில்லை அமத்தி அமத்திப் பாத்துக்கொண்டு நிண்டவர். முதல் இரண்டும் மாமாவின்ரை வேலை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். வால்வைத் திருகின கறுப்புக் கையை வேட்டியிலை துடைச்சவர், வேட்டியைத் தோய்ச்சது நானல்லோ. மூண்டாவது நான், ராசா. அவர் கற்பூரம் கொளுத்தப் போன நேரம், சேலையிலை குத்தியிருந்த ஊசியாலை. உனக்குக் கோவம் வரும், வரட்டும், நான் வாறன்தானே. மாமாவுக்கு மட்டும் எழுதிப்போடாதை. அவர் பிள்ளையார்தான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்.