எண்ணெய் துறந்த முப்பத்தொன்பதாம் நாள்

திருநெல்வேலி,
பரிதாபி ஆண்டு, ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள்.

அம்பாசமுத்திரம் பெருநிலக்கிழாரும் என் இல்லத்தரசியின் தமையனாருமாகிய முத்துமாலைப் பிள்ளை அவர்கள் திருமுன்பு, மைத்துனன் பலவேசம் பணிந்து எழுதும் மடல்.

தாங்களும், தங்கள் இல்லத்தாரும், தொழுவத்து மாடுகளும், பிசானப் பருவத்துக்கு விட்ட நாற்றும் நலமே விளங்க நெல்லையப்பர் திருவருள் துணை நிற்பதாக. இங்கு யானும் அவ்வண்ணமே நலம் என்று எழுதுவது முறை. அம்முறையை இன்று மீறுகிறேன், பொறுத்தருள்க. யான் நலமாக இல்லை.

தங்கள் தங்கை உலகம்மாள் என்னை விட்டுப் புகைவண்டி ஏறித் தங்கள் இல்லம் புகுந்து இன்றோடு பதினொரு நாள். காரணம் என்னவென்று தங்களிடம் சொன்னாளோ, யான் அறியேன். ஒன்றும் சொல்லாமல் முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும், தங்கள் தெருவில் நுழையும்போதே எண்ணெய் மணம் மூக்கைத் துளைக்கிறது என்றும் அவ்வூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். ஆதலின் நடந்ததை யானே எழுதுவது கடமையாயிற்று.

பதினாறு ஆண்டுகளாகப் பொருநைக் கரை நெடுகிலும் புலால் மறுப்பை முழங்கி வருபவன் யான் என்பதையும், மேடையில் சொன்னதை வீட்டில் காப்பவன் என்பதையும் தாங்கள் நன்கறிவீர்கள். சென்ற ஆண்டு பேச்சின் வேகத்தில் ‘பால் கன்றுக்கே உரியது’ என்று சொல்லிவிட்டமையால் அன்று தொட்டுப் பாலும் தயிரும் நெய்யும் என் இலையை விட்டு நீங்கின. அதற்கு முந்தைய ஆண்டு வெங்காயம் இவ்வாறே நீங்கிற்று. அப்போதே உலகம்மாள், “இனிமே மேடைக்குப் போகும்போது வீட்டுல என்னென்ன இருக்குன்னு ஒரு சீட்டு எழுதித் தாரேன். அதுல இல்லாததாப் பாத்துத் துறந்துட்டு வாங்க” என்றாள். அச்சீட்டை யான் வாங்கிச் செல்லாதது என் பிழை. புரட்டாசி முதல் நாள், சிந்துபூந்துறை மண்டபத்தில், ஊன் உண்பான் உடல் கெடும், காய் உண்பான் உடல் காயமாகிய கோயிலாகும் என்று யான் முழங்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் கடைசியில் நின்ற செக்குக்காரப் பிச்சைக்கண்ணு கையை உயர்த்தினான். “அண்ணாச்சி, கறி திங்கவன் கெட்டுப்போவான்னு சொல்லுதீய. சரி, ஒத்துக்கிடுதேன். ஒங்க முன்வரிசையில இருக்கவாளக் கொஞ்சம் பாருங்க. எல்லாருக்கும் தொந்தி மடியில கெடக்கு. கறியா தின்னாவ? அம்புட்டும் எஞ்செக்கு எண்ணெயில சுட்ட வடைல்லா!” என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையார் மேல்துண்டால் வயிற்றை மூடிக்கொண்டனர்.

யான் வாளா இருப்பேனா? எண்ணெய் என்பது யாது என்று எடுத்தேன். செக்கில் அகப்பட்ட வித்து வடித்த கண்ணீர் என்றேன். நல்லெண்ணெய் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பீர், மூட்டுக்கு வாதம் என்பதை மறைப்பீர் என்றேன். தேங்காயெண்ணெய் கூந்தலை வளர்க்கும், உடனிருந்து வயிற்றையும் வளர்க்கும் என்றேன். அண்மையில் அங்காடிக்கு வந்திருக்கும் கடலையெண்ணெய் பித்தத்தைத் தட்டி எழுப்பிப் பாய்விரித்துக் கொடுக்கும் என்றேன். கைதட்டல் எழுந்தது. கைதட்டல் எழுந்தால் என் நாக்கு என் வயத்தது அன்று என்பதும் தாங்கள் அறிந்ததே. ‘இன்று தொட்டு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், என் அடுக்களைச் சட்டியில் ஒரு துளி எண்ணெயும் விழாது, நாற்பத்தெட்டாம் நாள் இதே மேடையில் மூன்று நாழிகை ஓயாது முழங்கிக் காட்டுவேன், குரல் கம்மினால் அன்றோடு மேடையையே துறப்பேன்!’ என்று சூளுரைத்துவிட்டேன். பிச்சைக்கண்ணு விடவில்லை. “சாமி விளக்குக்காவது எண்ணெய் உண்டுமா அண்ணாச்சி?” என்றான். ‘நோன்பு எனக்கு, இறைவனுக்கன்று. பூசையறை விளக்குக்கு விலக்கு உண்டு’ என்று அருளினேன்.

வீட்டுக்கு வந்து இதனைச் சொன்னபோது உலகம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “அடுப்பு இருக்கா, அதையும் துறந்துட்டு வந்துட்டீயளா?” என்றாள். களைந்த நீரை வடித்தாள். பிறகு, “சாமி விளக்குக்கு மட்டும் உண்டுன்னு சொன்னீயல்லா?” என்றாள். ஆம் என்றேன். “அது போதும் எனக்கு” என்றாள். என்னே அவள் இறைப்பற்று என்று யான் உள்ளம் நெகிழ்ந்தேன்.

அடுத்து வந்த இருபத்தெட்டு நாள்களை என்னென்பேன்! எண்ணெய் படாத தோசை தாமரையிலையில் நீர்போல் கல்லை விட்டு நழுவி வந்தது. எண்ணெய் காணாத கத்திரிக்காய் மணமகன் முகம்போல் பளபளத்தது. உண்டது செரித்தது, செரித்தது உரிய காலத்தில் வெளியேறியது. என் குரலோ, வண்ணாரப்பேட்டையில் பேசினால் பாளையங்கோட்டையில் கேட்டது. காய்களுக்குள்ளேயே இயற்கையான ஒரு நெய்ப்பசை உறங்குகிறது, எண்ணெய் வார்ப்போர் அதனை எழவிடுவதில்லை என்னும் உண்மையை அந்நாள்களில்தான் கண்டுணர்ந்தேன். ஒருநாள் குழம்பின்மேல் பொன்னிறப் படலம் ஒன்று மிதக்கக் கண்டு, இஃது என்ன என்று வினவினேன். “புளியோட கொழுப்பு” என்றாள். அன்று மாலையே புளியின் கொழுப்பைப் பற்றி மேடையில் ஒரு நாழிகை பேசினேன். பலர் குறிப்பெடுத்தனர். ‘எண்ணெய் எதற்கு?’ என்னும் துண்டறிக்கையும் ஐந்நூறு படி அச்சிட்டு வழங்கினேன். இத்தனைக்கும் இடையே இறைபணியில் அவள் குறைவைக்கவில்லை. வாரந்தோறும் தூக்குவாளி நிறைய விளக்கெரிக்க நல்லெண்ணெய் வாங்கி வந்து பூசையறையில் வைத்தாள். ‘நோன்பு நாளில் சாமிக்குக் குறையலாமா?’ என்று அவள் சொன்னபோது என் கண் கலங்கிற்று.

இருபத்தெட்டாம் நாள் சேரன்மாதேவியில் பேசினேன். அங்கே ஒருவர் எழுந்து, எண்ணெயின்றிச் சமைப்பது பெண்களுக்கு இயலுமா என்று கேட்டார். ‘இயலும். என் இல்லாளுக்கு அதைக் கற்பித்தவன் யானே!’ என்றேன். கைதட்டல் மழைபோல் பெய்தது. அச்சொல் எனக்கு முன்னே எந்த வண்டி ஏறித் திருநெல்வேலி வந்ததோ, யான் வாசலில் கால்வைக்கும்போதே உலகம்மாள் துணிமூட்டையோடு நின்றாள். “நீங்க எனக்குச் சமையல் படிச்சுக் குடுத்தீயளாமே?” என்றாள். மேடைப்பேச்சில் அப்படி ஓர் ஓட்டம் வரும் என்றேன். “ஓட்டம் நல்லா வந்திருக்கு. சரி, வாத்தியாரே சமைச்சுத் தின்னட்டும். படிச்சவ ஊருக்குப் போயிட்டு வாரேன்” என்று சொல்லி என்னைக் கடந்து போய்விட்டாள். கோபமாகக்கூடப் போகவில்லை; சிரித்துக்கொண்டே போனாள். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று தொடங்கியது என் வீழ்ச்சி. மறுநாட் காலை யான் வார்த்த தோசை கல்லோடு இரண்டறக் கலந்தது. தோசைக்கரண்டியால் சுரண்டினேன், கரண்டி வளைந்தது. உளி கொண்டு பெயர்த்தேன். கல்லில் பாதி வந்தது. கத்திரிக்காய் வெந்து துறவியின் காவிபோல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. குழம்பின்மேல் அப்பொன்னிறப் படலத்தைக் காணவே இல்லை. மெலிந்த புளியை வாங்கிவிட்டேன் போலும் என்று மேலரதவீதிப் புளிக்கடைக்குச் சென்று, கொழுப்புள்ள புளியாகப் பார்த்துத் தருக என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “புளியில கொட்டை உண்டு, கோது உண்டு, நார் உண்டு. கொழுப்பு வந்து கேக்கவனுக்குத்தான்வே இருக்கும்” என்றார்.

அவள் போன ஏழாம் நாள் உதடு வெடித்தது. குதிகால் கோடைக் குளம்போல் பாளம் பாளமாய்ப் பிளந்தது. வேறொன்றும் நிகழ்ந்தது; அல்லது ஐந்து நாளாக நிகழவே இல்லை. மூத்தோராகிய தங்களுக்கு இதற்குமேல் விரித்தெழுத நாணுகிறேன். சாத்தான்குளத்திலிருந்து வந்து பாளையங்கோட்டையில் நாடி பார்க்கும் மருத்துவர் ஞானையாவிடம் சென்றேன். அவர் வயிற்றில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். மரப்பெட்டிபோல் ஓசை எழுந்தது. “பிள்ளைவாள், நீர் தின்னதெல்லாம் உம்மளப் போலவே உள்ள போயி நோம்பு இருக்கு. ஒண்ணும் அசைய மாட்டேங்கு. ரெண்டு கரண்டி ஆமணக்கெண்ணெய் குடியும், விடியதுக்குள்ள எல்லாம் சரியாப் போவும்” என்றார். எண்ணெயா! சூளுரையை எடுத்துரைத்தேன். அவர் சிறிது சிந்தித்து, “வாய் வழியாத்தான வேண்டாம்னீரு? வேற வழியும் வச்சிருக்கேன். அந்த வழியப் பத்தி மேடையில ஒண்ணும் சத்தியம் பண்ணலியே?” என்று கேட்டுக்கொண்டே பின்னறைக்குள் எதையோ எடுக்கச் சென்றார். அவர் திரும்பி வருமுன் யான் ஆற்றுப் பாலத்தைக் கடந்துவிட்டேன்.

குரலின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நேற்றுக் காலை கொல்லையில் நின்று ‘பெரியோர்களே!’ என்று முழங்கிப் பார்த்தேன். அண்டை வீட்டு மாரித்தாய் சுவருக்கு மேலே எட்டி, “அண்ணாச்சி, ஒங்க கொல்லக்கதவு கீச்சுக் கீச்சுங்கு. கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடப்படாதா?” என்றாள். அஃது என் குரல் என்று யான் அவளிடம் சொல்லவில்லை. போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அமர்ந்து அழுதேன். இறைவனும் அவள் பிரிவால் வாடுகிறார். அவள் இருந்த காலத்தில் வாரம் ஒரு வாளி எண்ணெய் உண்ட அந்த விளக்கு, அவள் போனபின் வாளியின் அடியில் எஞ்சியிருந்த ஆழாக்கு எண்ணெயைப் பதினொரு நாளாக உண்டு இன்றுதான் முடித்தது. அவ்வாளிக்குள் தாளிக்கும் கரண்டி ஒன்று கிடந்தது. புறப்பட்ட மனக்கலக்கத்தில் தவறிப் போட்டுவிட்டாள் போலும். அதைக் கண்டதும் மீண்டும் அழுதேன்.

இனி என் துணிபைக் கேட்டருள்க. முதல் இருபத்தெட்டு நாளும் எண்ணெய் இல்லை, யான் தழைத்தேன். பின்பு வந்த பதினொரு நாளும் எண்ணெய் இல்லை, யான் உலர்ந்தேன். ஆகவே எண்ணெய்க்கும் உடல் நலத்துக்கும் எத்தொடர்பும் இல்லை என்பது ஐயமற நிறுவப்பட்டது. இரு காலத்துக்கும் இடையே மாறியது ஒன்றே; அஃது உலகம்மாள். அவள் அடுக்களையில் நடமாடும்போது காற்றிலேயே ஏதோ ஒரு நெய்ப்பசை பரவுகிறது. நூல்கள் இதனைச் சொல்லவில்லை. என் குதிகால் சொல்கிறது. ‘கற்பித்தவன் யானே’ என்று சொன்னதை இம்மடல் வாயிலாகத் திரும்பப் பெறுகிறேன். இன்னும் ஒன்பது நாளில் சிந்துபூந்துறை மண்டபம் நிறையும். பிச்சைக்கண்ணு கடைசி வரிசையில் கைகட்டி நிற்பான். அன்று குரல் இல்லையேல் எனக்கு மேடை இல்லை. மேடை இல்லையேல் யான் நாள் முழுதும் வீட்டிலேயே அமர்ந்து அவளிடம் பேசிக்கொண்டிருப்பேன் என்பதையும் தாங்கள் அவளுக்கு நயமாக உணர்த்தி, இம்மடல் கண்டவுடன் அடுத்த புகைவண்டியிலேயே அனுப்பி வைக்க இறைஞ்சுகிறேன். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். முன்போலவே எண்ணெயின்றிச் சமைத்தால் போதும்.

தங்கள் குடி செழிக்கவும், கால்வாயில் நீர் குறையாதிருக்கவும், தங்கள் மனம் என்பால் கனியவும் வேண்டி,

தங்கள் அன்பு மைத்துனன்,
கா. பலவேசம் பிள்ளை.

பின்குறிப்பு: அத்தான், மடலை ஒட்டுமுன் சாமி விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பிச்சைக்கண்ணுவின் செக்கடிக்குப் போனேன். ஓர் ஆழாக்கு அளக்கச் சொன்னேன். அவன் அளவையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

“ஆழாக்கா? வழக்கமா ஒரு படில்லா போவும்?”

“யார் வாங்குவது?”

“மதினிதான். வாரம் தவறாம வருவாவ. ‘சாமி விளக்குக்கு ஒரு படி’ம்பாவ. நானும் பக்தியோட அளந்து ஊத்துவேன்.”

“ஒரு திரி விளக்கு வாரம் ஒரு படி குடிக்குமா?”

“அத நீங்கதான் அண்ணாச்சி மேடையில சொல்லணும். நீங்க எண்ணெயத் திட்டத் திட்ட மதினி சேத்துல்லா வாங்குனாவ. நான் எதுக்கு வாயத் தொறக்கேன்?”

செக்கு மாடுகூட என்னைப் பார்த்தது. பிறகு, வழக்கம்போல் ஒரு படியே அளக்கச் சொல்லி வாங்கி வந்தேன். பூசையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தாளிக்கும் கரண்டியால் மூன்று கரண்டி பருப்புச் சோற்றில் ஊற்றித் தின்றேன். சாயங்காலம் கொல்லையில் ‘பெரியோர்களே!’ என்றேன், மாரித்தாய் வீட்டுக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மற்றக் காரியமும் மருத்துவர் உதவியின்றியே இனிது நடந்தேறியது.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் பிழை. ஆனாலும் தாளைக் கிழிக்கவில்லை. நான் நன்றாயிருந்ததற்கு அவள்தான் காரணம் என்ற ஒன்று மட்டும் சரியாக நின்றுவிட்டது. நாற்பத்தெட்டாம் நாள், நோன்பு முதல் நாளே முறிந்துவிட்டது என்பதையும், யார் யாருக்குச் சமையல் கற்பித்தார் என்பதையும் பிச்சைக்கண்ணுவை முன்வரிசையில் உட்காரவைத்துப் பேசப்போகிறேன். அதற்கு மூன்று நாழிகைக் குரல் வேண்டும். இதையெல்லாம் அவளிடம் சொல்லவேண்டாம், அத்தான். ‘சாமி விளக்கு மங்கிக் கெடக்காம்’ என்று மட்டும் சொல்லுங்கள், அவளுக்குத் தெரியும். முறுக்கு மிச்சமிருந்தால் அதையும் விளக்குக்கென்றே கட்டிக் கொடுத்துவிடுங்கள்.